பால் விலை ஏறியும் பட்டிக்குக் காசு வராதது ஏன்? மலையகத்தில் மாடு வளர்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

அட்டன், தலவாக்கலை, நானுஓயா, பொகவந்தலாவை, பண்டாரவளைப் பக்கங்களில் ஒன்றிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவர்கள் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே மாடு பார்க்கிறவர்கள். பிள்ளையின் டியூஷன் காசு, மருந்துச் செலவு, அடகு மீட்பது எல்லாம் பால் காசில்தான் நடக்கிறது. அதனால் விலை, செலவு பற்றிய பேச்சை ஒளிவுமறைவு இல்லாமல் பேசியிருக்கிறேன்.

சுப்பர் மார்க்கெட்டில் பால் விலை ஏறிக்கொண்டே போகிறது. எங்களுக்குத் தரும் விலை ஏன் அதே வேகத்தில் ஏறுவதில்லை?

நீங்கள் கறக்கும் பால் நேராகக் கடைக்குப் போவதில்லை. சேகரிப்பு நிலையம், குளிரூட்டும் தாங்கி, பௌசர், தொழிற்சாலை, பக்கெட், விநியோக லொறி என்று போய்த்தான் கடையின் குளிர்ப்பெட்டிக்கு வருகிறது. இந்த வழி முழுக்க மின்சாரமும் டீசலும் வேண்டும். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 சதவீதம். பாலைக் குளிரில் வைத்திருப்பதே தொழில் என்றால் அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொருவரும் தன் மேலதிகச் செலவை அடுத்தவர் தலையில் ஏற்றலாம். தொழிற்சாலை கடைக்கு ஏற்றும், கடை வாங்குபவருக்கு ஏற்றும். பெரிய கடைச் சங்கிலியோடு பேரம் பேசுவதும் தொழிற்சாலைக்குச் சுலபமில்லை. தட்டில் நல்ல இடம், விலைக்கழிவு, விற்காமல் திரும்பி வரும் பொருள், காசு கைக்கு வர எடுக்கும் நாட்கள் என்று அங்கே பல பிடிகள் உண்டு. மேலே விட்டுக்கொடுத்ததைத் தொழிற்சாலை எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டும். அந்த இடம் பால் வாங்கும் விலைதான்.

உங்களுக்குக் கீழே ஆள் இல்லை. புண்ணாக்கு விலை கூடியது என்று நீங்கள் யாரிடம் விலை கூட்டுவீர்கள்? லீக்ஸ் போட்டவர் விலை சரியில்லை என்றால் இரண்டு நாள் பிடுங்காமல் விடலாம். மாட்டை இன்றைக்குக் கறக்க வேண்டாம் என்று விட முடியாது, கறந்த பாலை நாளைக்கு விற்கலாம் என்று வைக்கவும் முடியாது. வாங்குகிறவருக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படியென்றால் இடையில் யாரும் இல்லாமல் சுப்பர் மார்க்கெட்டுக்கே கொடுக்க முடியாதா?

ஒன்றிரண்டு மாட்டுக்காரர் தனியாகச் செய்ய முடியாது. பாலை 72 பாகை செல்சியசில் 15 செக்கன் சூடாக்கி, உடனே 4 பாகை அளவுக்குக் குளிரூட்டி, அதே குளிரில் கடை வரை கொண்டுபோக வேண்டும். பொதி, லேபல், பதிவு எல்லாம் வேண்டும். காசுக்கும் காத்திருக்க வேண்டும். மரக்கறியில் சங்கிலிக் கடைகள் மலைநாட்டில் நேரடியாக வாங்கும் நிலையங்கள் வைத்திருக்கின்றன. அங்கேயும் தரம் பிரித்து எடுத்தது போக மிச்சத்தை விவசாயிதான் வேறு வழியில் விற்றுக்கொள்கிறார். பாலில் மிச்சம் என்றால் சாக்கடைதான்.

வெளிநாட்டுப் பால்மாவுக்கும் என் மாட்டுப் பாலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் உண்டு. இலங்கையில் வீட்டுக்கு வீடு தேநீருக்குப் போடுவது பால்மா. அதில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது. கொழுந்து பறிக்கிற, மாடு வளர்க்கிற வீட்டிலேயே பாலைக் கேனில் ஊற்றி அனுப்பிவிட்டு, கடையில் 400 கிராம் பால்மா வாங்குகிறார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. காசு வேண்டும், பால் போனால்தான் காசு வரும்.

ஒரு கிலோ முழு ஆடைப் பால்மா செய்ய ஏறக்குறைய 8 லீற்றர் பசும்பால் வேண்டும். கடையில் ஒரு கிலோ பால்மா என்ன விலை என்று பார்த்து 8ஆல் வகுத்தால், அந்தத் தூளில் கரைத்த ஒரு லீற்றர் பால் என்ன விலை என்று தெரியும். தொழிற்சாலையும் இந்தக் கணக்கைப் போடும். உலகச் சந்தையில் தூள் மலிந்தால், அல்லது டொலர் விலை இறங்கினால், உள்ளூர்ப் பாலுக்குக் கூட்டிக் கொடுக்க மனம் வராது. 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் ஒரு சில மாதத்திலேயே 360 ரூபாய் வரை போனபோது பால்மாவும் எட்டாத விலைக்குப் போனது. அப்போது பசும்பாலுக்குத் தேடி வந்தார்கள். ஆனால் அதே டொலர்தான் மாட்டுத் தீவனத்தையும் ஏற்றிவிட்டது.

தீவனம் ஏன் இவ்வளவு விலை ஏறியது? இறங்கவே இறங்காதா?

மூடைத் தீவனத்தில் சோளம், சோயாப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு, தாதுப்பொருட்கள் இருக்கின்றன. சோயா வெளியிலிருந்து வருகிறது. சோளம் இங்கேயும் விளைகிறது, ஆனால் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததும் விளைச்சல் விழுந்தது. அந்த வருட முடிவுக்குள் தடையைத் தளர்த்தினாலும் போகம் போனது போனதுதான். வெளியிலிருந்து கொண்டுவர டொலரும் இல்லை. இருந்த சோளத்துக்குக் கோழிப் பண்ணையும் மாட்டுப் பண்ணையும் போட்டி போட்டன. கோழிக்காரர்களும் தாங்க முடியாமல் கோழிகளைக் குறைத்தார்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலைமை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை எப்போது இறங்கும் என்று காத்திருப்பதைவிட ஒரு கணக்கைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் பாலுக்கு உங்கள் கைக்கு வரும் காசை, ஒரு கிலோ தீவனத்தின் விலையால் வகுத்துப் பாருங்கள். 1.5க்கு மேல் வந்தால் தீவனம் போட்டுப் பால் எடுப்பதில் ஏதாவது மிஞ்சும். 1க்குக் கிட்ட வந்தால் மூடையைக் கூட்டக் கூட்ட நட்டம்தான். புல்லிலிருந்தே வரும் பாலுக்கு மேல், ஒவ்வொரு இரண்டு அல்லது இரண்டரை லீற்றருக்கும் ஒரு கிலோ தீவனம் என்பது பொதுவான அளவு. மாடு வற்றிப்போகும் நேரத்திலும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கே உடனே மிச்சம் பிடிக்கலாம். அதற்காகச் சினைமாட்டுக்குக் கடைசி மாதங்களில் குறைத்துவிடாதீர்கள். அந்தக் குறை அடுத்த கறவையில் தெரியும்.

சேகரிப்பு நிலையத்தில் பாலைச் சோதித்து விலை குறைக்கிறார்கள். இது நியாயமா?

சோதிப்பது நியாயம். எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருப்பதும் நியாயம். பாலுக்கு விலை லீற்றரை மட்டும் பார்த்து வருவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பல்லாத திண்மம் எவ்வளவு என்று பார்த்துத்தான் போடுகிறார்கள்.

காலை ஆறு மணிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வரிசையில் நின்று, மூடியைத் திறந்ததும் கரண்டியால் ஒரு மாதிரி எடுத்துக் குழாயில் ஊற்றி, பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லக்டோமீட்டரை விடுகிறார்கள். அது மிதக்கிற கோட்டைப் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் மூன்று விஷயம் உங்கள் காசை மாற்றும்.

முதலாவது சூடு. கறந்த சூட்டோடு இருக்கும் பாலில் லக்டோமீட்டர் குறைவாகவே காட்டும். நுரையும் காற்றும் இருந்தாலும் அப்படித்தான். அதனால் பாலின் வெப்பநிலையையும் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். வெப்பமானி வைக்காமல் கோட்டை மட்டும் பார்த்து “தண்ணி கலந்திருக்கு” என்று சொன்னால், வெப்பநிலையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் போதும், ஆனால் கேட்க வேண்டும். தண்ணீர் கலக்காத ஒரு வீட்டுக்காரரை வரிசையில் எல்லோர் முன்னாலும் கள்ளனாக்கும் பேச்சு அது. காசு நட்டத்தைவிட அந்தத் தலைகுனிவு பல நாள் வலிக்கும்.

இரண்டாவது, மாதிரி எடுக்கும் விதம். கொழுப்பு மேலே மிதக்கும். கேனை நன்றாகக் கலக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். மூன்றாவது நம் கையில் இருப்பது: முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வருவதில்தான் அதிகம். தோட்டத்துக் காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) நேரமாகிறது என்று அரைகுறையாகக் கறந்துவிட்டு ஓடினால், கொழுப்பான பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டுப் போகிறீர்கள். மடியில் பால் தங்கினால் மடிநோய் வருவதற்கும் வாய்ப்பு. நார் குறைந்து தீவனம் கூடினாலும் கொழுப்பு இறங்கும். புல் நன்றாகத் தின்ற மாட்டின் பால்தான் அந்தச் சோதனையில் காசு வாங்கித் தரும்.

அட்டையில் எழுதியதை ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் பதிந்து வையுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் அழகாக எழுதி வைப்பார்கள். மாதக் கடைசியில் காசில் ஐயம் வந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

புல் கிடைப்பதில்லை. தோட்டத்தில் புல் அறுக்கவும் விடுவதில்லை. என்ன செய்வது?

மலையகத்தில் மாடு வளர்ப்பின் முழுப் பிரச்சினையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பால் விலையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் நிலத்தைப் பற்றிப் பேசாவிட்டால் பாதிப் பேச்சுத்தான் என்பது என் உறுதியான கருத்து.

400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். இரண்டு மாடென்றால் 80 கிலோ. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்ணோ, மலையில் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த ஆணோ, அதற்குப் பிறகு அரிவாளையும் கயிறையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கும் பள்ளக் காட்டுக்கும் போக வேண்டும். பற்றைக்குள் குளவிக்கூடு இருக்கலாம், மாலை மங்கினால் சிறுத்தைப் பயம். தேயிலை ஓரத்தில் களைநாசினி அடித்திருந்தால் அந்தப் புல்லை எடுக்க முடியாது. கிளைபோசேற் என்ற களைநாசினியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள், 2022இல் தடையே போய்விட்டது. எங்கே, எப்போது அடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டு அறுப்பது இப்போது கட்டாயம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்தால் இருக்கிற புல்லும் கருகிவிடும்.

நாட்டில் மற்ற இடத்துச் சிறு விவசாயிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காணி இருக்கும். தோட்டத்தில் லயக் காம்பராவே சொந்தமில்லை. 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இந்த இரண்டு மாற்றத்திலும் அங்கே வாழ்ந்தவர் பெயருக்கு ஒரு புல்தரை வரவில்லை. பட்டி போடுவதும் புல் அறுப்பதும் நிர்வாகத்தின் வாய்வழி அனுமதியில் நடக்கிறது. துரை மாறினால் அனுமதியும் மாறலாம். காணி உறுதி இல்லாததால் வங்கியிலும் கடன் எடுக்க வழியில்லை, நகை அடகுக்கும் நுண்கடனுக்கும்தான் போக வேண்டியிருக்கிறது.

உடனே செய்யக்கூடியது என்ன? கைவிடப்பட்ட தேயிலை மலைகள், மண் சரியும் ஓரங்கள், ஓடைக்கரைகளில் புல் நட எழுத்தில் அனுமதி கேளுங்கள். தனி ஆளாகக் கேட்டால் “பார்ப்போம்” என்பார்கள். பத்துப் பதினைந்து மாட்டுக்காரர் சேர்ந்து, தொழிற்சங்கத் தலைவரையும் கால்நடை வைத்தியரையும் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு வேறு மாதிரிப் போகும். சிஓ-3 புல் தண்டுக் கரணை போட்டால் பிடிக்கும், கினிப்புல்லுக்கு வேர்க்கரணை போட வேண்டும். உயர்ந்த குளிரிடங்களில் சிஓ-3 மெதுவாகத்தான் வளரும், அங்கே கிக்கியூ புல் நன்றாக இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் புல் இருந்தால் மூடைச் செலவு குறைவதோடு, அந்தப் பெண்ணுக்கு மாலையில் ஒன்றிரண்டு மணி நேரமும் மிஞ்சும். அந்த நேரத்துக்கு யாரும் விலை போட்டுப் பார்ப்பதில்லை.

மரக்கறித் தோட்டத்துக் கழிவைப் போடலாமா?

போடலாம். கோவா மேலிலை, கரட் இலை, முள்ளங்கி எல்லாம் நல்ல தீனி. மருந்து அடித்து எத்தனை நாள் என்று மட்டும் தோட்டக்காரரிடம் கேளுங்கள். கோவாவை மட்டுமே அள்ளிப் போட்டால் வயிறு உப்பும், புல்லோடு கலந்து போடுங்கள்.

சாணியை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குப் பாத்திக்கும் லீக்ஸ் பாத்திக்கும் சாணி தேடுகிறார்கள், உர விலை ஏறிய பிறகு இன்னும் கூடுதலாக. கூரை போட்ட குழியில் மழை படாமல் சேர்த்து வைத்தால் மூடைக்கணக்கில் விற்கலாம், அல்லது இலைக்கும் புல்லுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

நிறையப் பால் தரும் வெளிநாட்டு மாடு வாங்கினால் கடன் தீருமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 மாடு கொண்டுவரும் திட்டத்தில் முதல் தொகுதியாக 5,000 வந்தது. கடன் வாங்கி அவற்றை எடுத்தவர்களில் பலர், நோய் என்றும் சொன்ன அளவு பால் இல்லை என்றும் முறையிட்டார்கள். அது நடுத்தரப் பண்ணைகளுக்கென்று போட்ட திட்டம். புல்லும் தண்ணீரும் நல்ல கொட்டகையும் பக்கத்தில் வைத்தியரும் இருந்தால்தான் அந்த மாடு பாலைக் காட்டும். அம்பேவலையின் பெரிய பண்ணையைப் பார்த்துவிட்டு லயத்துப் பட்டிக்குக் கணக்குப் போடக் கூடாது. பிரீசியன் அல்லது ஜேர்சிக் கலப்பில், நம் குளிருக்கும் நம் புல்லுக்கும் பழகிய கிடாரி போதும்.

ஒரு மாடு சினைப்படாமல் மாதக்கணக்கில் நிற்கிறது. இதுவும் செலவுக் கணக்கில் வருமா?

தீவனத்துக்கு அடுத்த பெரிய ஓட்டை இதுதான். மாடு 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். ஒன்றைத் தவறவிட்டால் 21 நாள் சும்மா தீனி போடுகிறீர்கள். பருவம் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தெரியும். வீட்டில் ஆள் வேலைக்குப் போயிருக்கும் பகலில் பார்த்துப் பயனில்லை. கத்துவது, பக்கத்து மாட்டின் மேல் ஏறுவது, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குவது எல்லாம் அடையாளம். காலையில் கண்டால் அன்று மாலைக்குள், மாலையில் கண்டால் மறுநாள் காலைக்குள் சினை ஊசி போட வேண்டும். கால்நடை உற்பத்தி மற்றும் சுகாதாரத் திணைக்களத்தின் வைத்திய அலுவலகம் ஊருக்குத் தூரமாக இருந்தாலும், ஊசி போடுகிறவரின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று தடவை போட்டும் தங்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். பல நேரம் தாதுப்பு கொடுக்காததுதான் காரணமாக இருக்கிறது.

பாலுக்கு வற் வரியை எடுத்தார்களே, எங்களுக்கு ஏதாவது வந்ததா?

2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானது. 2025 ஏப்ரல் 11 முதல் உள்ளூர்ப் பாலில் செய்யும் திரவப் பாலுக்கும் யோகட்டுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் விலக்கு வந்த பொருளுக்கு, தொழிற்சாலை தன் செலவுகளில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் விலை முழு 18 சதவீதமும் இறங்காது. மிச்சமானதில் ஒரு பகுதியைப் பட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பாலைக் கேனில் ஊற்றாமல் வீடுகளுக்கும் தேநீர்க் கடைக்கும் விற்றால் என்ன? தயிர், நெய் செய்தால்?

டவுனுக்குக் கிட்ட இருப்பவர்கள் செய்யலாம், லீற்றருக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் முழுப் பாலையும் அப்படித் திருப்பிவிடாதீர்கள். தோட்டத்துச் சம்பளம் பிந்தினால் வீடுகளில் கடன் ஏறும், தேநீர்க் கடையும் பாக்கி வைக்கும். கேன் பால் நின்றுபோனால் திரும்ப அந்த வரிசையில் சேர்வதும் கஷ்டம். எடுக்க ஆள் வராத மாலைப் பாலை மட்டும் இப்படிப் போடுவது பாதுகாப்பு. தயிர்ச் சட்டிக்குக் குளிரூர்களில் உறை பிடிக்கத் தாமதமாகும், அடுப்படிச் சூட்டில் வைக்க வேண்டும். நெய்க்கு ஆசைப்படுமுன் கணக்குப் பாருங்கள். 4 சதவீதக் கொழுப்புள்ள பாலில் ஒரு கிலோ நெய்க்கு 25 லீற்றர் வேண்டும். திருவிழாக் காலத்தில் நல்ல விலைக்குக் கேட்பவர் இருந்தால் சரி.

சங்கம் சேர்ந்தால் விலை கூடுமா?

சேர்ந்த உடனே கூடாது. ஆனால் பேச ஓர் இடம் வரும். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு முறையில் பால் சேகரித்து, பதப்படுத்தி, யாழ்கோ என்ற பெயரில் விற்கிறார்கள். மலையகத்திலும் பல இடங்களில் பால் சங்கங்கள் இருக்கின்றன, சில நன்றாக நடக்கின்றன, சில ஒருவர் வீட்டுச் சொத்து மாதிரிப் போய்விட்டன. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு குளிரூட்டும் தாங்கி இருந்தால் நிலைமை மாறும். நாலு பாகையில் இருக்கும் பால் ஒரு நாள் காத்திருக்கும், மாலைப் பாலும் உள்ளே வரும், இரண்டு நிறுவனத்திடம் விலை கேட்கலாம். மண்சரிவில் பாதை மூடினாலும் அன்றைய பால் ஓடையில் போகாது. மின்கட்டணத்தை யார் கட்டுவது, கணக்கை யார் பார்ப்பது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பார்ப்பவர்களில் பெண்கள் இருக்க வேண்டும், புல் அறுப்பதும் கறப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மகன் கொழும்பில் கடையில் வேலை செய்து கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறான். இன்னொரு மாடு வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறான்.

அந்தக் காசில் முதலில் பட்டிக்குச் சீமெந்துத் தளமும் தண்ணீர்த் தொட்டியும் போடச் சொல்லுங்கள். பால் தரும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு 50, 60 லீற்றர் தண்ணீர் தேவை. நேரத்துக்கு இரண்டு வாளி மட்டும் காட்டினால் பால் குறையும். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருந்தாலே பால் கூடுவதைச் சில நாளில் பார்க்கலாம். மிச்சக் காசில் புல் கரணையும் வேலியும். புல் வெட்டுக்கு வர மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதத்தில் இருக்கிற மாடு சினைப்பட்டிருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கிடாரிக்கன்று ஈன்றால் அதுதான் உங்கள் இரண்டாவது மாடு, கடனில்லாமல்.